கிணற்றடியில் ஒரு மெக்சிகோ வாசம்

சூப்பர் மார்க்கெட்டில் ‘மெக்சிகன் சீசனிங்’ என்று விற்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். மிளகாய்த்தூள், சீரகம், பூண்டுப்பொடி, வெங்காயப்பொடி, ஒரிகனோ, உப்பு. ஒரிகனோவை விட்டுவிட்டால் மிச்சமெல்லாம் நம் ஊர் மளிகைச் சரக்குதான். போலகத்தில் இருப்பவர் இதற்காகக் காரைக்கால் டவுனுக்குக்கூடப் போக வேண்டாம். திருமலைராயன்பட்டினம் கடைத்தெரு போதும். அந்த ஒரிகனோவுக்கும் ஆள் இருக்கிறது. கொல்லையில், கிணற்றடி ஈரத்தில், யாரும் கவனிக்காமலே தழைத்துக் கிடக்கும் கற்பூரவல்லி.

‘வீட்டில் செய்தால் அசலாக வருமா?’ என்ற தயக்கம் வேண்டாம். மெக்சிகோவின் பழைய வீட்டுச் சமையல் டப்பாப் பொடியை நம்பி நடப்பதல்ல. காய்ந்த மிளகாயை வாட்டி, வெந்நீரில் ஊறவைத்து, அம்மி போன்ற கல்லில் விழுதாக அரைப்பதே அங்கே வழக்கம். எல்லாவற்றையும் கலந்து பொடியாக்கிக் கடையில் விற்கும் பழக்கம், 1890களில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் போன்றவர்களின் கைவண்ணம். அந்தப் பொடியில் மணக்கும் சீரகமும் மெக்சிகோவில் பிறந்ததல்ல. மேற்காசியப் பக்கத்துப் பயிர் அது. ஸ்பானியர்களோடு கடல் தாண்டிப் போனது. மெக்சிகோவில் பிறந்த மிளகாய், 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்களோடு நம் கரைக்கு வந்தது. கொடுக்கல் வாங்கல் நடந்து 400 ஆண்டுக்கு மேலாகிறது. இதில் அசல் எது?

கவனிக்க வேண்டிய இடம் மிளகாய். அந்த ஊர்ப் பொடிக்கு அடிப்படை ‘ஆன்சோ’ என்ற காய்ந்த மிளகாய். காரம் 1,000 முதல் 2,000 ஸ்கோவில் அலகு. நம் நாக்குக்கு அது காரமே இல்லை. குண்டூர் சன்னம் 30,000ஐத் தாண்டும். அங்கே சொல்லும் அளவுக்கு அப்படியே சன்னத்தைப் போட்டால் சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்து ஓடுவார். ஆகவே நிறத்துக்கு ஒன்று, காரத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். நிறத்துக்குக் கர்நாடகத்து பியாடகி: சுருங்கிய தோல், ரத்தச் சிவப்பு, மிதமான காரம். அந்தச் சிவப்பைத் தருவது கேப்சாந்தின் என்ற நிறமி. காரத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாய், கொஞ்சமாக.

காரம் விதையில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறோம். ஒரு மிளகாயைப் பிளந்து பாருங்கள்: காம்பிலிருந்து உள்ளே இறங்கும் வெளிறிய சவ்வும், அதில் ஒட்டியிருக்கும் விதைகளும் தெரியும். காரத்தைத் தரும் கேப்சைசின் உருவாவது அந்தச் சவ்வில். விதைக்கு ஒட்டியிருந்த தோஷம், அவ்வளவுதான். நம் நரம்புகளில் சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் விழித்துக்கொள்ளும் ஓர் உணர்வி இருக்கிறது. கேப்சைசின் அதே உணர்வியைத் தட்டி எழுப்புவதால்தான் ஆறிப்போன குழம்பும் வாயைச் சுடுகிறது. இதை 1997இல் கண்டறிந்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ், 2021 மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகாய் வறுத்தால் தெருவே இருமுவதற்கும் அதே உணர்விதான் காரணம். தொண்டையிலும் மூச்சுக்குழலிலும் அது இருக்கிறது.

இனி கற்பூரவல்லி. மெக்சிகோ ஒரிகனோ, இத்தாலிக்காரர் பீட்சாவில் தூவும் ஒரிகனோ அல்ல. செடியின் குடும்பமே வேறு. அது நம் வரப்போரத்துப் பொடுதலைக்கும் வேலியோரத்து உண்ணிச்செடிக்கும் உறவு. (உறவு என்றதும் உண்ணிச்செடி இலையைப் பறித்துவிடாதீர்கள், அது நச்சு.) இரண்டு ஒரிகனோவுக்கும் பொதுவாக இருப்பவை கார்வக்ரால், தைமால் என்ற மணப்பொருள்கள். இரண்டிலும் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். ஆக்சிஜன் ஒட்டியிருக்கும் இடம் மட்டும் வேறு. கற்பூரவல்லி எண்ணெயிலும் இவைதாம் மேலோங்கி நிற்கும். ஓமத்தின் மணமோ பெரும்பாலும் தைமால். பிள்ளைக்குச் சளி பிடித்தால் கசக்கிப் பிழியும் இலையும், வயிறு மந்தித்தால் மெல்லும் ஓமமும் சேர்ந்து ஒரிகனோ வேலையைப் பார்த்துவிடும். அச்சு அசலாக அதே மணம் வராது, பத்துக்கு ஏழு மதிப்பெண் கொடுக்கலாம்.

சிக்கல் உலர்த்துவதில் இருக்கிறது. கற்பூரவல்லி இலை சதைப்பற்றானது; பெரும்பகுதி தண்ணீர். முழு இலையாகப் போட்டால் கடலோரக் காற்றில் காய்வதற்குள் கறுத்து அழுகும். மெல்லிசாக அரிந்து, துணியில் பரப்பி, காற்றோட்டமான நிழலில் போட வேண்டும். வடகம் போடும் பங்குனி, சித்திரைதான் இதற்கும் ஏற்ற காலம். விரலால் நொறுக்கினால் பொடியாக வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பொறுமை இல்லாதவர் ஓமத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அளவு: பியாடகி 50 கிராம், குண்டு மிளகாய் 10, சீரகம் 15, மல்லி 5, பூண்டுப்பொடி 10, உலர்ந்த கற்பூரவல்லி 5, ஓமம் அரைத் தேக்கரண்டி. மிளகாயைக் குலுக்கினால் விதை சலசலக்கும்வரை வெயிலில் காயவிட்டு, இளந்தீயில் சூடு ஏற மட்டும் வாட்டுங்கள், கருகினால் கசப்பு. சீரகத்தையும் மல்லியையும் தனியே வறுக்க வேண்டும், மிளகாய்க்குத் தாங்கும் சூடு வேறு. இந்தச் சிறு அளவுக்கு மில் வேண்டாம். மில்லின் சூட்டில் மணம் பறக்கும், முன்னால் அரைத்தவர் வீட்டு மசாலாவும் கூடவே வரும். மிக்சியில் விட்டு விட்டு அரைத்து, நன்றாக ஆறிய பிறகு பாட்டிலில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் முத்து முத்தாக நீர் கோக்கும்.

உப்பைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் காரைக்கால் கரையோரக் காற்று அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கசியும். அடைமழையில் உப்பு ஜாடி ஏன் அழுகிறது என்பதற்கு விடை அதுதான். பொடியில் உப்பிருந்தால் அந்த நீர் மிளகாய்க்குப் போகும். பூஞ்சைக்கு அது அழைப்பிதழ்.

சமைக்கும்போது இந்தப் பொடியைக் கொதிக்கும் குழம்பில் கொட்டாமல் எண்ணெயில் ஒரு நிமிடம் பிரட்டுங்கள். கேப்சைசினும் அந்தச் சிவப்பு நிறமியும் தண்ணீரில் கரையாதவை, எண்ணெயில் கரைபவை. வேகவைத்த காராமணியோடும், இறாலோடும் நன்றாகச் சேரும்.

ஒரு மாதத்துக்கு ஆவதை மட்டும் அரைத்து, பாட்டிலில் தேதி எழுதி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். பூசண வாடை அடித்தால் திரும்ப வெயிலில் காட்டாமல் கொட்டிவிடுங்கள். மிளகாயில் வளரும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு, நாம் வறுக்கும் சூட்டுக்கும் கொதிக்கவைக்கும் சூட்டுக்கும் அழிவதில்லை.