மின்சாரத்தால் உப்பைப் பிரித்தல்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் மோட்டார் தொழிற்சாலைகள் பெருகியிருப்பதை நிலச்சுவான்தார்கள் அறிவார்கள். வண்டியின் இரும்புக் கூட்டை வர்ணத் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரம் செலுத்த, வர்ணம் அதன்மேல் படியும். தொட்டியில் மிஞ்சும் அமிலமோ மெல்லிய சவ்வொன்றைக் கடந்து தனியே பிரியும். இதே தத்துவத்தால் உவர்க் கிணற்று ஜலத்தையும் சீர்படுத்தலாம்.

ஜலத்தில் கரைந்த உப்பு, நேர்மின்னேற்றமும் எதிர்மின்னேற்றமும் உள்ள இருவகை அணுக்களாகப் பிரிந்து நிற்கிறது. ஒருவகைச் சவ்வு முன்னதை மட்டும் விடும். மற்றது பின்னதை மட்டும். இவற்றை மாறி மாறி அடுக்கி மின்சாரம் பாய்ச்சினால், ஓர் அறையில் உப்புக் குறையும், அடுத்ததில் மிகும். 1954-ல் பவநகரில் ஸ்தாபிக்கப்பட்ட மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையம் இத்தகைய சவ்வுகளை நம் நாட்டிலேயே தயாரித்திருக்கிறது.

உப்பு மிகுந்தால் மின்செலவும் மிகும். ஆகவே லேசான உவர் ஜலத்துக்கே இம்முறை ஏற்றது, அதுவும் குடிப்பதற்கே. நெல்லுக்குப் பாய்ச்சக் கட்டுபடியாகாது. கிருமிகளும் இதனால் நீங்கா. காய்ச்சியே பருக வேண்டும்.

பிரிந்த உப்பு கழிவு ஜலத்தில் செறிந்து நிற்கும். அதை வாய்க்காலில் விட்டால் ஆயக்கட்டு நிலத்தில் உவர் பூக்கும். ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் மிகுநீர் செம்பரம்பாக்கம் ஏரியை அடைவதால், கேடு ஒரு கிராமத்தோடு நில்லாது. இயந்திரம் அமைக்க வருவோரிடம், கழிவு எங்கே போகும் என்பதையே கிராம அதிகாரிகள் முதலில் கேட்டறிய வேண்டும்.