வாரக் கூட்டமும் கங்காணி வேலையும்

2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் கொஸ்லந்தை, மீரியாபெத்தைத் தோட்ட லயங்களை மண்சரிவு மூடியது. 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை மட்டும் போதாது. இன்ன வேலைக்கு இன்னார் பொறுப்பு என்ற ஒழுங்கும் வேண்டும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களின் வாரக் கூட்டத்தில் மூன்றையே கேட்போம்: ஏற்ற வேலை முடிந்ததா? தடை என்ன? அடுத்த வாரம் யார் எதை ஏற்கிறார்?

மழைமானி பார்க்க ஒருவரை நியமித்தபின், தலைவர் கங்காணிபோல் பின்னால் நிற்கவேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவை முதலிலேயே சொல்லிவிடுவோம்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் உடனே வெளியேறல். ஆட்களை எழுப்பும் உரிமையும் அவருக்கே. தலைவரின் சொல்லுக்காக நாம் காத்திருக்கலாம், மலை காத்திராது.