எலும்புக்குள் போன பாறை

திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியைப் பார்க்காத பிள்ளைகளே இருக்க மாட்டார்கள். இந்தியாவின் எந்த மூலையில் போர் போட்டாலும் அந்த ஊர் வண்டி ஒன்று அங்கே நிற்கும். சேலம், நாமக்கல் மண்ணுக்கு அடியில் கெட்டிப் பாறை. மழை பொய்த்தால் ஐந்நூறு அடி, எண்ணூறு அடி என்று துளைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

பாறை இடுக்கில் நெடுங்காலம் கிடந்த தண்ணீர், பாறையில் உள்ள கனிமங்களை மெல்லக் கரைத்து வைத்திருக்கும். அவற்றில் ஒன்று ஃபுளோரைடு. நிறம் இல்லை, மணம் இல்லை. குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சேலம், நாமக்கல், தருமபுரிப் பகுதிகளில் சில கிணறுகளும் போர்களும் இந்த அளவைத் தாண்டிவிடுகின்றன. அந்தத் தண்ணீரைப் பல வருடம் குடித்தால் ஃபுளோரைடு எலும்பில் போய்ச் சேரும்.

எலும்பை அறுக்காமல் உள்ளே நடப்பதைப் பார்ப்பது எப்படி?

இருட்டறையில் டார்ச் விளக்கை உள்ளங்கையில் அழுத்திப் பிடியுங்கள். கை சிவப்பாக ஒளிரும். எலும்பு மட்டும் தெரியாது. ஒளி சதைக்குள்ளேயே சிதறிவிடுகிறது. 1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் இயற்பியலாளர் ரோண்ட்கன் கண்டுபிடித்த எக்ஸ் கதிர் அப்படிச் சிதறாமல் சதையை எளிதாகக் கடந்தது. அடுத்த மாதமே தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரிந்தன.

காரணம் அணுவில் இருக்கிறது. சதையில் கார்பனும் ஆக்சிஜனும் அதிகம். கார்பன் அணுவில் 6 எலக்ட்ரான், ஆக்சிஜனில் 8. எலும்பில் நிறைந்துள்ள கால்சியத்தில் 20! அதனால் எலும்பு எக்ஸ் கதிரை அதிகமாகத் தடுக்கிறது. கதிர் வந்து விழுந்த இடம் படத்தில் கறுக்கும். தடுக்கப்பட்ட இடம் வெளுப்பாகவே நிற்கும்.

இப்படி எலும்பில் ஃபுளோரைடு சேர்வதால் வரும் நோயை இந்தியாவில் முதலில் விவரித்தது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில். ஆராய்ந்த குழுவில் ஷார்ட் என்ற மருத்துவரோடு பர்னார்டு என்ற எக்ஸ்-ரே நிபுணரும் இருந்தார். சென்னை அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிறுவனம் இன்றும் அவர் பெயரில் இயங்குகிறது.

இந்த நோய் வந்தவரின் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் எக்ஸ்-ரேயில் வழக்கத்தைவிட அடர்ந்த வெள்ளையாகத் தெரியும். எனக்கு வியப்பூட்டுவது முன்கைப் படம்தான். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு எலும்புகள் இணையாக ஓடுகின்றன. அவற்றை மெல்லிய சவ்வு ஒன்று இணைக்கிறது. நல்ல உடம்பில் அந்தச் சவ்வு படத்தில் தெரியவே தெரியாது. ஃபுளோரைடு நோயில் அதில் கால்சியம் படிந்து, இரு எலும்புகளுக்கு நடுவே வெள்ளைக் கோடாக எழுந்து நிற்கும். இந்த நோயில் வரும் மூட்டுவலியும் முதுகுவலியும் வேறு எத்தனையோ நோய்களிலும் வரும். அவற்றிலிருந்து இந்த நோயைப் பிரித்துச் சொல்ல மருத்துவர்களுக்கு அந்தக் கோடு பெரிய உதவி. முதுகெலும்பு தடித்து நரம்புத் தண்டை நெருக்குகிறதா என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும்.

ஆனால் வருத்தமான செய்தி ஒன்று உண்டு. எக்ஸ்-ரேயில் இந்த மாற்றம் தெரியும்போது பல வருடம் கடந்திருக்கும். அப்படி மாறிய எலும்பைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. ஆகவே படத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது தண்ணீரை. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்குக் காவிரித் தண்ணீர் கொடுக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியது இதற்காகத்தான். போர் தண்ணீரைக் குடிக்கும் வீட்டில் அதைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கொதிக்க வைத்துக் குடிக்கிறோமே என்று பெரியவர்கள் சொன்னால், கொதிக்க வைப்பதால் கிருமிதான் சாகும், ஃபுளோரைடு போகாது என்று எடுத்துச் சொல்லுங்கள். தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும்.