சீலியாக் நோயாளிகள் பீர் அருந்தலாமா? 'குளூட்டன் இல்லாதது' என்ற முத்திரை சொல்வதும் சொல்லாததும்

புதுடெல்லி: சீலியாக் நோய் உறுதியானதும் சப்பாத்தி, பரோட்டா, நான், சமோசா ஆகியவற்றை ஒதுக்கிவிட வேண்டும் என்பது நோயாளிக்கு முதல் நாளிலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால், பீரும் அதே பட்டியலில் இடம்பெற வேண்டியது என்பதை எளிதில் மறந்துவிட நேர்கிறது. கோதுமைக்கு நெருங்கிய இனமான பார்லியே பீரின் மூலப்பொருள் என்பதுதான் இதற்குக் காரணம்.

வெளிநாடுகளில் 'குளூட்டன் இல்லாதது' என்ற முத்திரையுடன் பீர், ஸ்டவுட் வகைகள் விற்பனையில் உள்ளன. எனினும், அந்த ஒரே முத்திரை இரு வேறு தயாரிப்பு முறைகளைக் குறிக்கக்கூடும். அவற்றுள் ஒன்று சீலியாக் நோயாளிகளுக்கு முழுமையாக நம்பத்தக்கது அல்ல.

டெல்லியில் ஏன் இது முக்கியம்?

சீலியாக் என்பது ஒவ்வாமையோ சாதாரண அஜீரணமோ அல்ல. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உடலுக்குள் சென்றதும், நோயாளியின் நோயெதிர்ப்பு மண்டலம் அவரது சிறுகுடலையே தாக்குகிறது. உணவிலிருந்து சத்துகளை உறிஞ்சும் குடல் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. இரத்தசோகை, எலும்பு வலுவிழத்தல், குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைபாடு, மகப்பேறு சிக்கல்கள் முதலியவை இதன் விளைவுகள். வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதே தற்போதைய சிகிச்சையாகும்.

தேசியத் தலைநகர் வலயத்தில் எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2011-ல் வெளியான ஆய்வில், 96 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பது கண்டறியப்பட்டது. வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வு 2016-ல் வெளியானது. அதன்படி வடக்கில் ஆயிரம் பேருக்கு 8.53 பேருக்கும், வடகிழக்கில் 4.66 பேருக்கும் இந்நோய் இருந்தது. தெற்கில் இது வெறும் 0.11 ஆக இருந்தது.

நோய்க்கு இடமளிக்கும் மரபணுக்கள் வடக்கில் 38.1 சதவீதத்தினரிடமும், தெற்கில் 36.4 சதவீதத்தினரிடமும் காணப்பட்டன. அதாவது, மரபணுவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் கோதுமையின் சராசரி அளவு வடக்கில் 455 கிராம். தெற்கில் 25 கிராம் மட்டுமே. நோயின் பரவல் மரபணுவைவிடக் கோதுமை உண்ணும் அளவோடுதான் ஒத்துப்போகிறது. எனவே இதை வடஇந்தியர்களின் நோய் என்று தமிழர்கள் ஒதுக்கிவிட முடியாது. டெல்லியில் குடியேறி, கோதுமையை அன்றாட உணவாக்கிக்கொண்ட தமிழர்களுக்கும் இது தொடர்புடையதே.

பீருக்குள் குளூட்டன் நுழைவது எப்படி?

பார்லியை நனைத்து முளைகட்டி, உலர்த்தினால் கிடைப்பது மால்ட். முளைக்கும்போது உருவாகும் நொதிகள் தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அந்தச் சர்க்கரைக் கரைசலுடன் ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஈஸ்ட் கொண்டு நொதிக்கவைத்தால் பீர் கிடைக்கிறது. பார்லியில் உள்ள குளூட்டன் வகைப் புரதத்துக்கு ஹார்டீன் என்று பெயர். நொதித்தலின்போது இதன் ஒரு பகுதி சிதைந்தாலும், முற்றாக மறைந்துவிடுவதில்லை.

ஸ்டவுட் என்ற கறுப்பு பீருக்கு நிறமும் காபி போன்ற கசப்பும் தருவது நன்கு வறுத்த பார்லி. அயர்லாந்தின் புகழ்பெற்ற கின்னஸ் இவ்வாறு வறுத்த பார்லியைக் கொண்டே தயாரிக்கப்படுகிறது. வறுப்பதால் குளூட்டன் அழிந்துவிடும் என்று கருதுவது தவறு. சிலவகை ஸ்டவுட்களில் ஓட்ஸும் சேர்க்கப்படுகிறது. டெல்லி, குருகிராம் மதுக்கூடங்களில் விரும்பப்படும் வெள்ளை பீர்களில் பார்லியோடு கோதுமையும் கலந்திருக்கும்.

ஆல்கஹால் இல்லாத '0.0' பீரும் பார்லியில் இருந்தே தயாராகிறது. அதில் நீக்கப்படுவது ஆல்கஹால், குளூட்டன் அல்ல. பார்லி மால்ட் சேர்த்த சத்துமாவு பானங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இரண்டு வழிகள், ஒரே முத்திரை

முதல் வழி, குளூட்டனே இல்லாத தானியங்களில் இருந்து தொடங்குவது. சோளம், அரிசி, சிறுதானியங்கள், பக்வீட் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. அமெரிக்காவில் 2006-ல் அறிமுகமான ரெட்பிரிட்ஜ் சோளத்தில் தயாரான பீர். சியாட்டில் நகரின் கோஸ்ட்ஃபிஷ் ஆலை, குளூட்டன் உள்ள தானியங்களை வளாகத்துக்குள்ளேயே அனுமதிக்காமல், சிறுதானியம், பக்வீட் முதலியவற்றைக் கொண்டு வாட்ச்ஸ்டாண்டர் என்ற ஸ்டவுட்டைத் தயாரிக்கிறது. போர்ட்லாந்தின் கிரவுண்ட் பிரேக்கர் ஆலை, வறுத்த செஸ்ட்நட் கொட்டைகளைக் கொண்டு கறுப்பு பீருக்குரிய நிறத்தையும் சுவையையும் வரவழைக்கிறது.

இது எளிதான வேலை அல்ல. பார்லி மால்ட்டில் இயல்பாகவே நிறைந்திருக்கும் நொதிகள் சோளத்திலும் சிறுதானியங்களிலும் குறைவு. அவற்றின் மாவுச்சத்து வெந்து இளகக் கூடுதல் வெப்பமும் தேவை. ஆகவே வெளியிலிருந்து நொதிகளைச் சேர்க்க வேண்டியுள்ளது. நுரை நிலைப்பதும் அடர்த்தி கிடைப்பதும் கடினம். விலை கூடுவதற்கு இவையும் காரணங்கள்.

இரண்டாவது வழி, வழக்கம்போலப் பார்லியிலேயே பீரைத் தயாரித்து, நொதித்தலின்போது புரதத்தைத் துண்டாக்கும் ஒரு நொதியைச் சேர்ப்பது. பீர் குளிரும்போது கலங்கலாகாமல் இருப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட இந்த நொதி, குளூட்டனையும் வெட்டுவதால் புதிய பயன் பெற்றது. ஸ்பெயினில் 2006-ல் வெளிவந்த எஸ்ட்ரெல்லா டாம் டவுரா இவ்வகையில் முன்னோடி. சுவை வழக்கமான பீரை ஒத்திருப்பதால் இவ்வகைக்கு வரவேற்பு அதிகம்.

சோதனையில் சிக்காத துண்டுகள்

சிக்கல் தொடங்குவது இங்கேதான். உணவில் குளூட்டனை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஆய்வகச் சோதனை, புரதத்தை இரண்டு இடங்களில் பற்றிப் பிடித்தால் மட்டுமே அதைக் கணக்கில் கொள்ளும். முழுப் புரதத்துக்கு இது பொருத்தமானது. ஆனால் நொதியால் சிறு துண்டுகளாக வெட்டப்பட்ட புரதத்தில் அந்த இரு இடங்களும் சேர்ந்திருப்பதில்லை. எனவே துண்டுகள் எஞ்சியிருந்தாலும் சோதனை முடிவு மிகக் குறைந்த அளவைக் காட்டக்கூடும். சிறு துண்டுகளையும் கண்டறிய வேறொரு வகைச் சோதனை இருந்தபோதிலும், அது தரும் எண்ணிக்கை நோயாளியின் குடலில் ஏற்படும் விளைவைத் துல்லியமாகச் சொல்லும் என்று உறுதியாகவில்லை.

அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், சீலியாக் நோயாளிகளின் இரத்த மாதிரிகள் இருவகை பீர்களுடனும் சோதிக்கப்பட்டன. குளூட்டன் இல்லாத தானியத்தில் தயாரான பீருக்கு நோயாளிகளின் எதிர்ப்பொருள்கள் வினைபுரியவில்லை. பார்லியில் தயாரித்துக் குளூட்டன் குறைக்கப்பட்ட பீருக்கோ சிலரது எதிர்ப்பொருள்கள் வினைபுரிந்தன. சிறிய அளவிலான ஆய்வு என்பதால் இதை இறுதி முடிவாகக் கொள்ள முடியாது. எனினும் எச்சரிக்கைக்கு இது போதுமான காரணம்.

சட்டங்கள் வேறுபடுகின்றன

குளூட்டன் அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மிகாமல் இருந்தால் 'குளூட்டன் இல்லாதது' எனக் குறிப்பிடலாம் என்பது சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்த வரம்பு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமும் இதே அளவைப் பின்பற்றுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த வரம்புக்குள் வரும் பார்லி பீரும் இம்முத்திரையைப் பெறலாம். அமெரிக்காவில் அது இயலாது. நொதித்த உணவுகளில் குளூட்டனைச் சரியாக அளக்க இயலாததால், நொதிக்கும் முன்பே மூலப்பொருள் குளூட்டன் அற்றதாக இருக்க வேண்டும் என 2020-ல் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் விதி வகுத்தது. பார்லி பீர்கள் அங்கு 'குளூட்டனை நீக்கும் வகையில் தயாரிக்கப்பட்டது' என்ற விளக்கத்துடன் மட்டுமே விற்கப்பட முடியும். ஆகவே ஒரே புட்டி ஒரு நாட்டில் 'இல்லாதது' என்றும், மற்றொரு நாட்டில் 'நீக்கப்பட்டது' என்றும் அழைக்கப்படுகிறது. வெளிநாட்டுப் பயணத்தின்போதோ விமான நிலையக் கடைகளிலோ வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் உள்ள மாற்றுகள்

டெல்லியில் கலால் துறையிடம் பதிவான மதுவகைகளை மட்டுமே விற்க முடியும். எனவே வெளிநாட்டுக் கடைகளில் காணப்படும் பீர்கள் இங்கும் கிடைக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. திராட்சை ஒயின், தேனை நொதிக்கவைத்துப் பெறப்படும் மீட், ஆப்பிள் சைடர் ஆகியவை இயல்பாகவே குளூட்டன் அற்றவை. எனினும், அவற்றில் மால்ட் சேர்க்கப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். காய்ச்சி வடிக்கும்போது புரதம் ஆவியுடன் செல்வதில்லை என்பதால் ரம், ஜின், விஸ்கி போன்றவற்றிலும் குளூட்டன் இருப்பதில்லை. பின்னர் சேர்க்கப்படும் சுவையூட்டிகள் மட்டும் விதிவிலக்காகலாம்.

பாரம்பரிய நொதித்த பானங்களில் பொதுவிதி எதுவும் இல்லை. சிக்கிமில் கேழ்வரகில் தயாராகும் சாங், லடாக்கில் பார்லியில் தயாராகிறது. பெயர் ஒன்றே, தானியம் வேறு. இமாச்சலப் பிரதேசத்தின் சூர் கேழ்வரகு பானம் என்றாலும், அதை நொதிக்கச் செய்யும் 'தேலி' என்ற உறைப்பொருளில் பார்லி மாவு சேர்கிறது. 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற அசாமின் ஜூடிமா அரிசியில் தயாராவது.

கேழ்வரகு, சோளம், கம்பு, அரிசி என குளூட்டன் அற்ற தானியங்கள் இந்தியாவில் பெருமளவில் விளைகின்றன. 2023-ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்ததும் இந்தியாவின் முன்முயற்சியால்தான். மதுக்கூடங்களில் 'கேழ்வரகு பீர்', 'அரிசி பீர்' என்ற பெயர்கள் காணப்பட்டாலும், அவற்றில் பார்லி மால்ட்டும் கலந்திருக்கலாம். பெயரில் உள்ள தானியம் மட்டுமே உள்ளே இருக்கிறது என்று கொள்ளக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

* லேபிளில் குளூட்டன் அளவைப் பார்ப்பதற்கு முன், மூலப்பொருள் பட்டியலில் பார்லி, மால்ட், கோதுமை, ரை உள்ளனவா என்று பாருங்கள்.

* 'குளூட்டன் நீக்கப்பட்டது', 'குளூட்டன் குறைக்கப்பட்டது' என்பவை 'குளூட்டன் இல்லாதது' என்பதற்கு ஈடானவை அல்ல.

* மதுக்கூடங்களில் குழாயில் வரும் பீரைத் தவிருங்கள். ஒரே குழாயில் பல வகைகள் செல்ல வாய்ப்புண்டு.

* குடித்தபின் வயிற்று வலி இல்லை என்பது பாதுகாப்புக்கு உறுதி அல்ல. அறிகுறி இல்லாமலும் குடல் பாதிக்கப்படலாம்.

* சீலியாக் இருக்குமோ என்ற ஐயம் உள்ளவர்கள், பரிசோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிட வேண்டாம். இரத்தப் பரிசோதனையும் குடல் திசு ஆய்வும் தவறான முடிவைத் தரக்கூடும்.

இவை யாவும் குளூட்டனைப் பற்றியவை மட்டுமே. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என எதுவும் இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் தெரிவித்தது. பாதிக்கப்பட்ட குடல் தேறும் வரையிலாவது மதுவைத் தவிர்ப்பது நல்லது. அதன் பின்னரும் அருந்த விரும்புவோர், தமது மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் கலந்தாலோசித்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.