விளக்கு எரிஞ்சா விஷம், எரியலைன்னா?

ஒரு டம்ளர் தண்ணீர்ல பாதரசம் கலந்திருந்தா உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. நிறமும் மாறாது, வாசனையும் வராது.

ஜப்பானில் மினமாட்டா என்ற ஊர்ல நடந்தது இதுதான். ஒரு ரசாயனத் தொழிற்சாலை கடல்ல விட்ட கழிவில் மெத்தில் பாதரசம் இருந்தது. அது மீன், சிப்பி வழியா மக்களோட மூளைக்கும் நரம்புக்கும் போச்சு. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956-ல். காரணத்தை அரசாங்கம் ஏத்துக்கிட்டது 1968-ல். நடுவுல 12 வருஷம்!

குடிநீர்ல லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் பாதரசம்தான் இந்தியத் தரத்தின் வரம்பு. இவ்வளவு நுணுக்கமான அளவை ஆய்வகக் கருவிகள் துல்லியமா சொல்லும். ஆனா மீனைச் சோதிக்கணும்னா, பொதுவா அதன் சதையை வெட்டி எடுக்கணும். உயிரோட நீந்துற மீனுக்குள்ள விஷம் எங்கே தங்கியிருக்குன்னு எப்படிப் பார்ப்பது?

இங்கதான் ஒளிரும் சென்சார் வருது. ரோடமின்னு ஒரு சாயம் இருக்கு, பளிச்சுனு இளஞ்சிவப்பு. அதன் மூலக்கூறில் ஒரு வளையத்தை மூடிட்டா நிறமும் போயிடும், ஒளியும் அணைஞ்சிடும். மூடின வளையத்தோட கந்தகம் உள்ள ஒரு பகுதியை இணைப்பாங்க. பாதரசத்துக்குக் கந்தகம்னா உயிர்! பாதரச அயனி, அதாவது மின்னூட்டம் உள்ள அணு, வந்ததும் அந்தக் கந்தகத்தைப் பிடுங்கும். வளையம் திறக்கும், சாயம் ஒளிரும். தென்கொரிய ஆய்வாளர்கள் 2006-ல் இந்த முறையில் வரிக்குதிரை மீனுக்குள்ள இருந்த பாதரசத்தைக் காட்டினாங்க.

ஏன் அணைகிற விளக்கா இல்லாம, எரிகிற விளக்கா இருக்கணும்? ஒளி மங்கினா, காரணம் பாதரசமா, சாயம் கெட்டுப்போனதான்னு சொல்ல முடியாது. இருட்டுல ஒளி வந்தா சந்தேகம் குறைவு.

குறைகளும் உண்டு. பிடுங்கின கந்தகம் திரும்ப வராது. அதனால இது தீக்குச்சி மாதிரி, ஒரு தடவைதான். வெள்ளி அயனிக்கும் கந்தகம் பிடிக்கும். அதனால ஒவ்வொரு சென்சாரையும் மற்ற உலோகங்களோட வச்சுச் சோதிக்கணும்.

முக்கியமா ஒண்ணு. பாதரச அயனிக்காகச் செஞ்ச சென்சார், மினமாட்டாவுல இருந்த மெத்தில் பாதரசத்தையும் பிடிக்கும்னு எடுத்துக்க முடியாது. அதைத் தனியா சோதிக்கணும். ஒளி வந்தா உடனே அந்தத் தண்ணீரை நிறுத்திட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். வரலைன்னா, 'சுத்தம்'னு முடிவு கட்டாதீங்க. இந்தச் சென்சார் எதைத் தேடுதுன்னு முதல்ல கேளுங்க.