பொடக்காளிச் சண்டியர்

துடைப்பத்தோடு வீட்டின் பின்பக்கப் பொடக்காளிக் கதவைத் திறக்கும்போதே தெரிந்துவிடும். மூலையில் நிற்கிற சேவல் ஓர் இறக்கையைத் தரையில் உரசுகிற மாதிரி இறக்கிக்கொண்டு, பக்கவாட்டில் இரண்டு எட்டு வைக்கும். கழுத்து முடி குடையாக விரியும். இரை எடுப்பதுபோல் வெறும் மண்ணைக் கொத்தும். குனிந்து பெருக்க ஆரம்பிக்கிற நேரம் பார்த்து, இரண்டு காலையும் முன்னால் நீட்டிக்கொண்டு எகிறி அடிக்கும். கெண்டைக்காலில் முள் இறங்கிய பிறகுதான் சத்தமே வெளியே வரும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை தானிய மண்டிகளின் இடம். லீ பஜாரிலிருந்து கம்பும் சோளமும் தவிடும் கிடைப்பதால் நாலு கோழி வைத்துக்கொள்வது இங்கே பெரிய செலவில்லை. கோழி வைத்தால் ஒரு சேவலும் இருக்கும். அந்தச் சேவல் ஆளைப் பார்த்துப் பாய ஆரம்பித்துவிட்டால் வீட்டின் நடமாட்டமே மாறிப்போகும். "அந்தப் பக்கம் போகாத கண்ணு, சாவல் கொத்தும்" என்று பிள்ளைகளைத் தடுக்க வேண்டும். துணி காயப்போடப் போகிறவர் கையில் ஒரு முறத்தையும் கேடயம் மாதிரி எடுத்துப்போக வேண்டும்.

"சண்டைச் சாதிச் சேவல், அப்படித்தான் இருக்கும்" என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். கொஞ்சம் பெருமையும் அதில் கலந்திருக்கும். ஆனால் அது சரியான காரணம் இல்லை. சண்டைக்குப் பேர்போன அசில் இனம், இன்னொரு சேவலைக் கண்டால் உயிரை விடும்; மனிதரிடம் பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். காரணம் எளிது. தலைமுறை தலைமுறையாக அதைக் கையில் தூக்கி, நீவி, தண்ணீர் காட்டி வளர்த்தவர்கள், தங்கள் மேலேயே பாய்கிற சேவலை இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளவில்லை.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் சுசான் மில்மன், இயன் டங்கன் ஆகியோரின் குழு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. கறிக்கோழிக் குஞ்சுக்காக வளர்க்கப்படும் தாய்ப்பண்ணைச் சேவல்கள், சண்டைக்காகவே வளர்க்கப்பட்ட இனத்துச் சேவல்களைவிடப் பெட்டைகளிடம் அதிக முரட்டுத்தனம் காட்டின. இன்னொரு சேவலோடு போடும் சண்டை வேறு, பெட்டையையோ ஆளையோ அடிப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு.

2021 பிப்ரவரியில் தெலங்கானாவின் ஜகித்யால் மாவட்டத்து லோத்துனூரில் ஒரு சேவல் தன் உரிமையாளரின் உயிரையே எடுத்ததாகச் செய்தி வந்தது. கொல்லப்பள்ளி காவல் நிலையத்தில் அந்தச் சேவலைக் கட்டிவைத்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது. கொன்றது சேவலின் குணம் இல்லை. சட்டம் தடுத்திருக்கிற சண்டைக்காக அதன் காலில் மனிதர் கட்டிய கத்தி. பிடியிலிருந்து திமிறியபோது அது பட்டுவிட்டது.

அப்படியானால் வீட்டுச் சேவல் ஏன் பாய்கிறது? கோழிக்கூட்டத்தில் யாருக்கு யார் பெரியவர் என்ற வரிசை உண்டு. நார்வே நாட்டு ஷெல்டெரூப்-எப்பே 1920-களின் தொடக்கத்தில் இதை முதன்முதலாக முறைப்படி எழுதினார். ஜப்பானின் நகோயா ஆய்வாளர்கள் 2015-இல் கண்டது இன்னும் அழகு: விடியலில் முதலில் கூவுவது கூட்டத்தின் தலைச்சேவல்தான், மற்றவை தங்கள் வரிசைப்படிக் காத்திருந்து கூவுகின்றன. நாலைந்து மாதத்தில் கூவப் பழகுகிற இளஞ்சேவல், இந்த வரிசையில் தன் இடத்தைத் தேட ஆரம்பிக்கும். பெரிய சேவல் இருக்கிற கூட்டத்தில் நாலு கொத்து வாங்கி அடங்கிக்கொள்ளும். தனியாக, பிள்ளைகளின் மடியில் வளர்ந்த சேவலுக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை. மனிதரிடம் பயமும் போயிருக்கும். அதன் கண்ணுக்கு நாமும் வரிசையில் நிற்கிற இன்னொரு சேவல்தான்.

இதில் நாம் செய்கிற இரண்டு காரியமும் அதற்குச் சாதகம். ஓடினால் அது ஜெயித்துவிட்டது. எட்டி உதைத்தாலோ கல்லை விட்டெறிந்தாலோ, சண்டைக்கு ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு மறுநாளும் வரும். பிள்ளைகள் குச்சியால் சீண்டி விளையாடுவது இதையே தினமும் பழக்கிக்கொடுப்பதாகும்.

பலன் தருவது பொறுமைதான். அது பாய வரும்போது முதுகைக் காட்டாமல், கேடயம் போல ஒரு பலகையையோ முறத்தையோ முன்னால் பிடித்து அசையாமல் நின்றால் போதும்; அதுவாகப் பார்வையைத் திருப்பி வேறு பக்கம் போகிறவரை இடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அடைந்த பிறகு சத்தமில்லாமல் தூக்கி, இறக்கையை அக்குளில் அணைத்துக்கொண்டு, பத்து நிமிஷம் முற்றத்தில் நடந்துவிட்டு இறக்கிவிடலாம். சில நாள் இப்படிச் செய்தால் பல சேவல்கள் தணிந்துவிடும். முள்ளின் கூர்முனையை மட்டும் அரத்தால் தேய்த்து மழுக்கலாம். அடியோடு வெட்டக் கூடாது. உள்ளே எலும்பும் இரத்த ஓட்டமும் இருக்கிறது.

பெட்டைகளின் முதுகையும் பார்க்க வேண்டும். முதுகிலும் பிடரியிலும் முடி உதிர்ந்து தோல் தெரிந்தால், இருக்கிற பெட்டைகளுக்குச் சேவல் அதிகம் என்று அர்த்தம். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம்.

ஒரு சேவல்கூட வேண்டாம் என்று வைத்துக்கொண்டாலும் முட்டை நிற்காது. சேலத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, நாமக்கல் பண்ணைகளில் நாளுக்குக் கோடிக்கணக்கில் முட்டை இடும் கோழிகள் சேவலையே பார்த்ததில்லை. குஞ்சுக்குத்தான் சேவல் வேண்டும். அதற்கும் தினமும் கூட விட வேண்டியதில்லை. ஒருமுறை சேர்ந்த பெட்டை ஒரு வாரத்துக்கும் மேலாகக் கருக்கூடிய முட்டை இடும். முரட்டுச் சேவலைத் தனியாக அடைத்து, வேண்டிய நாளில் மட்டும் விட்டால் குஞ்சும் கிடைக்கும், காலும் தப்பும்.

காயத்தைச் சின்னதாக நினைக்கக் கூடாது. முள் குத்தினால் வாய் சிறிதாகவும் ஆழம் அதிகமாகவும் இருக்கும். முள்ளில் இருப்பது எருவும் மண்ணும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அன்றைக்கே டி.டி. ஊசி பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். காலில் நரம்பு சுருண்டிருக்கும் பெரியவர்கள் அந்தச் சேவலின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. தென் ஆஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப் போன 76 வயது மூதாட்டி, சேவல் கொத்தியதில் சுருண்ட நரம்பு கிழிந்து இரத்தப்போக்கால் இறந்ததை 2019-இல் தடயவியல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. அப்படி இரத்தம் பீறிட்டால் படுக்க வைத்து, காலை உயர்த்தி, துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எதற்கும் அடங்காத சேவல் கடைசியில் குழம்புக்குப் போவது வழக்கம்தான். அதன் வாரிசை வைத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு அது நியாயமான வழியும்கூட. சிக்கல், முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட சேவலிடம்தான். அதை விற்கவும் முடியாது, அறுக்கவும் முடியாது. சாமிக்கு நாள் குறிக்கிறவரை வீட்டோடு இருந்தாக வேண்டும். அந்த வீடுகளில் காலையில் முதல் வேலை, ஒருவர் தீவனத்தைக் காட்டி அதன் கவனத்தைத் திருப்ப, இன்னொருவர் பின்னாலிருந்து பஞ்சாரத்தைக் கவிழ்ப்பது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பிப் போன பிறகு பஞ்சாரம் ஒரு பக்கம் மெல்லத் தூக்கப்படுகிறது.