பழவேற்காட்டில் ஒரு நாள் நடை

ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியிலேயே, "இன்று எங்காவது அழைத்துப் போங்கள்" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுகின்றனர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வாரமெல்லாம் இயந்திரங்களோடு உழைத்த தந்தைக்கு ஓய்வு வேண்டும். தாய்க்கு அடுப்படியிலிருந்து ஒரு நாளேனும் விடுதலை வேண்டும். கையிலிருக்கும் பணமோ அளவானது. இவை அனைத்துக்கும் ஒத்துவரும் ஊர் ஒன்று நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. அதுதான் பழவேற்காடு.

ஏரிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த சிற்றூர் இது. தமிழகத்தின் வடகிழக்கு எல்லை. ஊரை ஒட்டி விரிந்து கிடக்கும் உவர்நீர் ஏரி, ஒடிசாக் கரையிலுள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்முனை மட்டுமே நம்முடையது. ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் போர்த்துக்கீசியரும், அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும், இறுதியில் ஆங்கிலேயரும் இங்கே வந்தனர். அவர்களுக்கெல்லாம் முன்பே அரபு நாட்டு வணிகரும் மரைக்காயர்களும் இத்துறையை அறிந்திருந்தனர். இத்தனை பேரின் சுவடுகளையும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே பார்த்துவிடலாம் என்பதே இவ்வூரின் சிறப்பு.

கும்மிடிப்பூண்டியில் மின்இரயில் ஏறினால் கவரைப்பேட்டையை அடுத்துப் பொன்னேரி வந்துவிடும். அங்கிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் பேருந்துப் பயணம். திருவள்ளூர்ப் பக்கத்தார் சென்னை வழியாகவோ பேருந்திலோ பொன்னேரியை அடையலாம். மார்கழி முதல் மாசி வரை வெயில் தணிந்திருக்கும் நாட்களே நடைக்கு ஏற்றவை.

முதல் நடை: அன்னையின் ஆலயமும் பழைய தெருக்களும்

முதலில் மகிமை மாதா ஆலயத்திற்குச் செல்வோம். போர்த்துக்கீசியர் இதனை 1515-ஆம் ஆண்டில் எழுப்பினர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர்கள் அன்னைக்கு இட்ட பெயருக்கு 'மகிழ்ச்சிகளின் அன்னை' என்பது பொருள். சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தின் மிகப் பழமையான ஆலயங்களுள் ஒன்றாக இது போற்றப்படுகிறது. பழைய கட்டடம் இன்று இல்லை. அவ்விடத்தில் புதிய ஆலயம் நிற்கிறது. கல்லும் சுண்ணாம்பும் மறைந்தன. ஆனால் அங்கே முழந்தாளிட்டுச் செபிக்கும் வழக்கம் ஐந்நூறு ஆண்டுகளாக மறையவில்லை. இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஆலயத்திலிருந்து பழைய தெருக்களுக்குள் நடந்தால் பள்ளிவாசல்களும் கோயில்களும் அடுத்தடுத்து வருகின்றன. சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் அறிய அமைக்கப்பட்ட சூரியக் கடிகாரம் ஒன்று உண்டு. கைக்கடிகாரம் கட்டிய பிள்ளைகளுக்கு நிழலைப் பார்த்து மணி சொல்லும் வித்தை பெரும் வியப்பாக இருக்கும். ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்புறைக் கல்லால் ஆனது. அதன் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. விசயநகர மன்னர் காலத்தில் இவ்வூர் ஆனந்தராயன் பட்டினம் என்று வழங்கப்பட்டது. இங்கு நெய்த வண்ணத் துணிகள் மலாக்காவுக்கும் பெகுவுக்கும் கப்பலேறின. இவ்வூரின் பெயராலேயே உலகச் சந்தைகளில் கைக்குட்டைகள் விலைபோன காலமும் உண்டு.

இத்தெருக்களில் பெண்கள் முடையும் பனையோலைக் கூடை ஒன்றை வாங்கி வாருங்கள். பிளாஸ்டிக் பையைக் காட்டிலும் அழகானது. ஓர் இல்லத்தின் அடுப்பெரியவும் உதவும்.

இரண்டாம் நடை: கோட்டையும் கல்லறைத் தோட்டமும்

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் இங்கு வந்து, விசயநகர அரசரின் இசைவுடன் பண்டகசாலை அமைத்தனர். மயிலைச் சாந்தோமிலிருந்த போர்த்துக்கீசியர் 1612-இல் அதனைத் தாக்கி அழித்தனர். உடனே ஒல்லாந்தர் 1613-இல் கெல்ட்ரியா என்னும் கோட்டையை எழுப்பினர். இரு தரப்பினரும் கிறிஸ்துவின் பெயரைத் தாங்கியவர்களே. மிளகுக்கும் துணிக்கும் முன்னே அந்தப் பெயர் அவர்களுக்கு நினைவில் நிற்கவில்லை! 1690-இல் நாகப்பட்டினத்திற்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடம் இக்கோட்டையே. பின்னாளில் ஆங்கிலேயர் அதனை இடித்தனர். 1825-இல் ஊரும் அவர்கள் கைக்கு வந்தது. இன்று அகழியும், புதர் மண்டிய மேடும், சில சுவர்த் துண்டுகளுமே எஞ்சியுள்ளன. புதருக்குள் பிள்ளைகளை ஓடவிட வேண்டாம். வெளியே நின்று பார்ப்பதே போதும்.

அடுத்து ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்கள் கல்லில் நிற்கின்றன. சிறு குழந்தைகள் அஞ்சக்கூடும். "நாமும் ஒரு நாள் இப்படித்தான் என்று வருவோர்க்கு நினைவூட்டுகிறார்கள்" என்று சொன்னால் அமைதியடைவர். உள்ளே கோபுரம் போன்றும் மண்டபம் போன்றும் சமாதிகள். பெரிய கற்பலகைகளில் பூவேலைப்பாடும் குடும்பச் சின்னமும் பெயரும் ஆண்டும் இன்றும் தெளிவாக இருக்கின்றன. தாய்நாட்டிலிருந்து பல்லாயிரம் கல் தொலைவில், பிள்ளைகளை அடக்கம் செய்த பெற்றோரும் இவர்களுள் உண்டு.

இங்கே சற்று நின்று மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வூர்த் துறையிலிருந்து துணி மூட்டைகள் மட்டும் கப்பலேறவில்லை, மனிதரும் ஏற்றப்பட்டனர். போராலும் பஞ்சத்தாலும் நிலைகுலைந்த நம் மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டு, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவுக்கும் பிற தீவுகளுக்கும் கொண்டுபோகப்பட்டனர். 1621-க்கும் 1665-க்கும் இடையே 131 கப்பல்களில் 38,000-க்கும் மேற்பட்டோர் இக்கரையிலிருந்து அவ்வாறு அனுப்பப்பட்டனர் என்று ஒல்லாந்தக் கம்பெனியின் ஆவணங்களை ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். போர்த்துக்கீசியரும் இப்பாவத்திற்குப் புறம்பானவர் அல்லர்.

வாங்கியவர்க்குச் சித்திரக் கல்லறை. விற்கப்பட்டவர்க்கோ ஒரு பெயர்ப் பலகையும் இல்லை. "அவர்களுக்குக் கல்லறை எங்கே, அப்பா?" என்று பிள்ளை கேட்டால், மறைக்காமல் உண்மையைச் சொல்லுங்கள். பெயரற்ற அந்த ஆன்மாக்களுக்காகக் குடும்பமாக நின்று ஒரு சிறு செபம் சொல்லிவிட்டு வெளியே வருவோம். ஆலயத்தைக் காட்டிப் பெருமை கொள்ளும் நமக்கு, இந்த வெட்கத்தையும் பிள்ளைகளிடம் ஒப்புக்கொள்ளும் கடமை உண்டு.

மூன்றாம் நடை: ஏரிக்கரையும் கடற்கரையும்

மனம் கனத்திருக்கும், இனி ஏரிக்கரைக் காற்று வேண்டும். மீன் இறங்கும் துறையில் இறாலும் நண்டும் மடவையும் கூடைகளில் துள்ளும். இங்குள்ள மீனவர் 'பாடு' என்னும் பழைய முறைப்படி, எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவது என்று தமக்குள் முறைவைத்துக் கொண்டவர்கள். பகிர்ந்துண்ணும் பாடத்தை இதைவிட நன்றாக எந்த நூல் கற்பிக்கும்? கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் மீன்வளம் குன்றும். அப்போது இவர்கள் அடுப்பும் அணையும்.

குளிர்காலத்தில் ஆழமற்ற நீரில் பூநாரைகள் வந்து நிற்கும். தொலைவில் வெண்மையும் இளஞ்சிவப்புமாக ஒரு கோடு தெரிந்தால், அவைதாம். வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்திச் சேற்றை வடித்து இரை தேடுபவை. தாம் உண்ணும் பாசியிலும் நுண்ணிய இறாலினங்களிலும் உள்ள நிறமே அவற்றின் சிறகுக்குச் செம்மை தருகிறது. தமிழகப் பகுதி ஏரி 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சத்தமிடாமல் நிற்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கக் குப்பத்துப் பக்கம் நடந்தால் கடற்கரை வந்துவிடும். வடக்கே சிறீகரிக்கோட்டைத் தீவு. இராக்கெட் ஏவும் நாளானால், அது நெருப்பு வாலுடன் எழுவதை இக்கரையிலிருந்தே காணலாம்.

ஓர் எச்சரிக்கை. இந்நடைகளில் எதற்கும் படகு தேவையில்லை. 2011 டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவன்று, மகிழ்ச்சியாய்ப் படகேறிய உறவினர் குடும்பங்களுள் 22 பேர் இந்நீரில் மாண்டனர். படகு கவிழ ஒரு நொடி போதும். "ஒரு சுற்று போய்வரலாம்" என்று எவரேனும் அழைத்தாலும், பிள்ளைகள் அடம்பிடித்தாலும், பெற்றோர் உறுதியாக மறுக்க வேண்டும். முகத்துவாரத்தின் அருகே குளிப்பதும் ஆபத்தானது. நீரோட்டம் மேலே தெரியாது. அன்று மாண்டவர்களையும் நம் செபத்தில் சேர்த்துக்கொள்வோம்.

விடியலிலேயே புறப்படுங்கள். குடிநீரும், கட்டுச்சோறும், தலைக்குத் தொப்பியோ குடையோ எடுத்துக்கொள்ளுங்கள். கல்லறைகள் மீது ஏறவும், கற்களில் பெயர் கிறுக்கவும் விடாதீர்கள். தாத்தா பாட்டி உடன் வந்தால் மூன்று நடைகளையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நடந்து, மற்றவற்றை அடுத்த முறைக்கு வையுங்கள்.

மாலையில் பொன்னேரி நிலையத்தில் இரயிலுக்குக் காத்திருக்கும்போது, "இன்று உனக்கு எது மனத்தில் நின்றது?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டுப் பாருங்கள். ஒருவன் பூநாரை என்பான். ஒருத்தி நிழற்கடிகாரம் என்பாள். கல்லறை இல்லாத அந்த மனிதரை எவரேனும் ஒருவர் நினைவுகூர்ந்தால், உங்கள் ஞாயிறு வீண்போகவில்லை.